மாவு அளந்தால் பின்னம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் ஹோம்ஸ்கூலிங் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. படத்தில் ஒரு தோட்டம், மரத்தடியில் புத்தகத்தோடு ஒரு பையன், காலடியில் நாய்க்குட்டி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விடுவித்துவிட்டால் போதும், மாவு அளக்கும்போது கணக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அறிவியலும், பாட்டியிடம் கதை கேட்கும்போது மொழியும் தானாக வந்துவிடும் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது சின்னவனின் வேலை. என் மாமியாருக்குக் கண்புரை. முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "அது சரி, அந்தப் பிள்ளையோட அம்மையைக் காணலையே?" என்றார். நான் வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். படத்திலும் இல்லை, கட்டுரையிலும் இல்லை.

அந்தச் சின்னவன் மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றவன். பதினொரு வயது. வீட்டில்தான் படிக்கிறான். மூத்தவள் எட்டாவது, பள்ளிக்குப் போகிறாள், சந்தோஷமாகவே போகிறாள். இரண்டு ஏற்பாடும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிறது என்பதால் எனக்கு இரண்டின் மீதும் பக்தி கிடையாது. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு டி.சி. வாங்கக் கிளம்பும் யாராவது ஒருவர் இருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது செம்பூரில், மூன்றாவது மாடி, ஒன் பி.எச்.கே. ஐந்து பேர். கணவருக்கு மாகுல் பக்கம் ஷிப்ட் வேலை. நான் மஸ்ஜித் பந்தரில் ஒரு மசாலா மொத்த வியாபாரியின் ஆபீசில் டேலியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங். மழைக்காலம் தொடங்கினால் நெபுலைசர் அலமாரியிலிருந்து இறங்கிவிடும், குளிர்காலத்தில் புகைமூட்டம் கவிந்தால் மறுபடியும். அவன் முதல் வகுப்பு போக வேண்டிய வருடம் கொரோனாவில் போனது. பள்ளி திறந்த பிறகு, போன நாளைவிடப் போகாத நாள் அதிகம். வருகைப் பதிவு போதவில்லை என்று கடிதம் வந்தது, மருத்துவச் சான்றிதழ் கொடுத்தோம், திரும்பவும் கடிதம் வந்தது. விட்டுப்போன பாடத்தை யார் நடத்துவது என்று கேட்டால் டியூஷன் வையுங்கள் என்றார்கள். எப்படியும் வீட்டில் உட்கார்ந்துதான் படிக்கிறான், அப்புறம் எதற்கு இந்தக் கடிதப் போக்குவரத்து என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. தத்துவம், கொள்கை என்று எதுவும் இல்லை. நான் வேலையை விட்டேன். மாதம் 22,000 ரூபாய் நின்றது. கட்டுரையில் இல்லாத அம்மா இந்த 22,000-க்குள்தான் இருக்கிறார்.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் காலை ஆறிலிருந்து ஏழரை வரை குழாயில் தண்ணீர். அதற்குள் பிடித்து, துவைத்து, மூத்தவளுக்கு டப்பா கட்டி, காலை ஷிப்ட் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து கணவர் வந்து படுத்தால் இருக்கிற ஒரே பெட்ரூம் மதியம் வரை அவருக்கு. ஹாலில் அத்தை. பதினொரு மணிக்கு அவருடைய சீரியல் தொடங்கும். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, நியாயமும் இல்லை. ஆக எட்டரையிலிருந்து பதினொன்று வரைதான் ஹால் எங்களுக்கு. கணக்கும் ஆங்கிலமும் அப்போதே முடிய வேண்டும். பிறகு சமையலறைத் தரையில் பாய் போட்டு எழுத்து வேலை. சத்தம் போட்டுப் படிக்கிற பாடமெல்லாம் மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டில். அங்கே காற்று வரும், மேல்படியில் உட்கார்ந்தால் மோனோரயில் போவதும் தெரியும். அது வரும்போது பாடம் ஒரு நிமிடம் நிற்கும். அதை நான் கண்டுகொள்வதில்லை.

இதற்கு நடுவே காலிங் பெல். நான் வீட்டில் இருக்கிறேன் என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. யார் வீட்டுப் பார்சல் வந்தாலும் எங்கள் வீட்டில் வைக்கிறார்கள். இரண்டாம் மாடிக்காரர் சிலிண்டர் எங்களிடம், எதிர்வீட்டுச் சாவி எங்களிடம், யாரோ ஒருவருடைய நாலரை மணி பால் பாக்கெட் எங்கள் ஃப்ரிட்ஜில். "பாபி, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து போன் பண்ணும் நாத்தனாரும் அதையேதான் சொல்வார். ஆபீசில் டேலி பார்த்தபோது காலை பத்திலிருந்து ஆறு வரை என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். இப்போது அதைவிடக் கடினமான வேலை, ஆனால் அதற்குப் பெயர் சும்மா.

கணக்குக்கு வருகிறேன். மாவு அளந்தால் பின்னம் வரும் என்பதை நானும் கேள்விப்பட்டு, நம்பி, அவனை அரிசி அளக்க விட்டிருக்கிறேன். அரை டம்ளர், கால் டம்ளர், முக்கால் டம்ளர் என்று சரியாகச் சொல்வான். சரி, எட்டில் மூன்று பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பான். உலகத்தில் எட்டில் மூன்று டம்ளர் யாரும் அளப்பதில்லை. அப்புறம் கட்டம் போட்ட நோட்டில் 24 கட்டம் நீளத்துக்கு இரண்டு பட்டை வெட்டினோம். ஒன்றை எட்டாக மடித்து மூன்று மடிப்புக்கு வண்ணம், இன்னொன்றை மூன்றாக மடித்து ஒரு மடிப்புக்கு வண்ணம். ஒன்றில் 9 கட்டம், மற்றதில் 8. "ஒரே ஒரு கட்டம்தானா!" என்று அவன் ஏமாந்ததுபோலக் கேட்டான். பெரிய வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறான். எல்லாப் பின்னத்துக்கும் 24 சரிப்படுமா, ஐந்தில் ஒன்றுக்கு எத்தனை கட்டம் வேண்டும் என்று அவனே தொடர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகு. ஒரே பாடத்தை இப்படிப் பல நாள் இழுக்க முடிகிறது பாருங்கள், ஹோம்ஸ்கூலிங்கின் லாபம் அது. நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியை அடுத்த பாடத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் பட்டை வெட்டிக்கொண்டு பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். அது தானாக வரவில்லை.

வெளியே போய்ப் படிப்பதும் அப்படித்தான். 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாடம் வந்தது. 34 கிலோமீட்டர், 14 பெட்டி, ஏறக்குறைய 400 பேர், சாஹிப், சிந்த், சுல்தான் என்று மூன்று எஞ்சின், புறப்படும்போது 21 குண்டு முழக்கம். மூன்றரை மணிக்குக் கிளம்பியதாம். நாமும் அதே மூன்றரைக்குத்தான் கிளம்ப வேண்டும் என்றான். வேலைநாள் பிற்பகலில் அந்தப் போரி பந்தர் இருந்த இடத்து சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து, எல்லா நிலையத்திலும் நின்று போகும் தாணே ஸ்லோ லோக்கலில் ஏறினால் ஜன்னல் சீட் கிடைக்கும், இந்த ஊரில் அது பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கிற பாக்கியம். பைகுல்லா, தாதர், குர்லா என்று ஒவ்வொரு நிலையமாகக் குறித்துக்கொண்டே வந்தான். தாணேயில் வடாபாவ் சாப்பிட்டுத் திரும்பினோம். இதுவரைக்கும் கட்டுரையில் வருகிற மாதிரியேதான். மறுநாள் காலை, பார்த்ததை ஒரு பக்கம் எழுது என்றபோது அழுகை தொடங்கியது. மதியம் வரை ஐந்து வரி. அதில் இரண்டு வரி வடாபாவ் பற்றி. அந்த ஐந்து வரியைப் பத்தாக்கியதுதான் பாடம். ரயிலேறுவது யாருக்கும் முடியும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, பிள்ளை நாலு பேரோடு பழக வேண்டாமா என்று. உண்மையைச் சொன்னால் பழக ஆளில்லை. அவனுக்கு நேரம் இருக்கிறது, மற்ற பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளி விட்டதும் கிளாஸ், கிளாஸ் விட்டதும் அபாகஸ், அது விட்டால் நீச்சல். கீழே ஆறரை மணிக்குக் கூட்டம் சேர்ந்து ஏழரைக்குக் கலைந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு அவனுக்கு என்னையும் பாட்டியையும் வாட்ச்மேனையும் தவிர ஆளில்லை. வாட்ச்மேனோடு கேரம் ஆடக் கற்றுக்கொண்டு இப்போது அவரையே தோற்கடிக்கிறான். ஜூன் மாதம் பள்ளி திறந்து, புது ரெயின்கோட்டும் புதுப் பையுமாகக் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் கிளம்பும் வாரம் எங்கள் வீட்டில் சண்டை அதிகம். அவன் அக்காவுக்கோ நேர்மாறான பொறாமை. "அவன் மட்டும் தூங்குறான்" என்று டப்பாவை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போவாள். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. சனிக்கிழமை ஒரு செஸ் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அங்கே நாலைந்து பேர் கூட்டாளிகள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

மொழி விஷயத்தில் ஒன்று கிடைத்தது, ஒன்று போனது. கிடைத்தது தமிழ். அவன் அக்கா ஆங்கில மீடியத்தில் படித்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இவன் பாட்டிக்காக உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து தங்கம் விலை, ராசிபலன், இரங்கல் விளம்பரம் வரை வாசித்து வாசித்து வேகம் பிடித்துவிட்டான். தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் தமிழ்ப் புத்தகத்துக்குச் செலவும் இல்லை. தப்பாகப் படித்தால் அத்தை படுத்தபடியே திருத்துவார். அவருக்கும் பொழுது போகிறது. போனது மராத்தி. மகாராஷ்டிரத்தில் 2020 சட்டத்துக்குப் பிறகு எந்த போர்டு பள்ளியாக இருந்தாலும் மராத்தி கட்டாயம். மூத்தவள் சரளமாக எழுதுகிறாள். சின்னவனுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. என் மராத்தி மீன் மார்க்கெட்டைத் தாண்டாது. கடைசியில் அக்காவே ஞாயிறு தோறும் அவனுக்கு வாத்தியார். கூலி ஒரு பிளேட் சேவ்பூரி, அதை முன்பணமாக வாங்கிக்கொள்கிறாள். பிழைப்பு இந்த ஊரில் என்றால் இந்த ஊர் மொழி இல்லாமல் முடியாது. ஹோம்ஸ்கூலிங் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி, சட்டம் அனுமதிக்கிறது என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்ட விஷயம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாம் என்றும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இந்த இடைவெளிக்குள்தான் எங்களைப் போன்றவர்கள் வாழ்கிறோம். அனுமதி என்று இதற்குப் பெயர் வைக்க முடியாது. இன்னொரு பக்கம், திரும்பப் பள்ளிக்கே போக நினைத்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 4-ஆவது பிரிவு இருக்கிறது. 14 வயது வரைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. டி.சி. வாங்கியவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், லேமினேட் பண்ணாதீர்கள்.

பரீட்சைக்கு வழி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-இல் தொடங்கியது, மத்திய அரசுடையது. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் எழுதினால் போதும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு, ஒரே தடவையில் எல்லாப் பாடமும் எழுத வேண்டும் என்பதில்லை, பதிவு ஐந்து வருடம் செல்லும். வீசிங் வருகிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கே மாநில போர்டில் 17 நம்பர் ஃபார்ம் போட்டுத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதும் வழியும் உண்டு. மும்பையில் வேலைக்குப் போய்க்கொண்டே படித்த எத்தனையோ பேர் அதில் தேறியவர்கள்தான். எங்கள் பெரிய மாமா ஒவ்வொரு தடவையும், "அப்ப டாக்டருக்குப் படிக்க முடியாதே?" என்பார். திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதக் கூடாது என்றிருந்த விதியை தில்லி உயர் நீதிமன்றம் 2018-லேயே ரத்து செய்துவிட்டது. அவன் டாக்டராகப் போகிறானா என்பது வேறு கதை. தற்சமயம் மோனோரயில் ஓட்டப் போகிறானாம்.

சிக்கல் பத்தாவதில் இல்லை, நடுவில். மூன்றாம் வகுப்பு டி.சி.க்கும் 14 வயதுக்கும் நடுவே அவன் ஒரு மாணவன் என்று சொல்ல எங்களிடம் துண்டுச் சீட்டு கிடையாது. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையாக அடிப்படைக் கல்வி நிலைகள் இருக்கின்றன, ஆனால் அவர்கள் அங்கீகரித்த ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் சேர முடியும். நாங்கள் கேட்டுப் பார்த்த இடத்தில் பெரியவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். ரயில் பாசுக்கு மாணவர் சலுகை வேண்டுமென்றால், இவன் எங்கள் மாணவன் என்று பள்ளி தரும் போனஃபைடு சான்றிதழ் வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான கேரம் போட்டியா, அதற்கும் பள்ளியின் முத்திரை. ஒருநாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெயிலில் மூன்று மாடி ஏறி வந்த களைப்பு, நல்ல மனுஷி, மோர் குடித்தார். பள்ளிக்குப் போகிறவன், சேராதவன், இடையில் நின்றவன், இதில் எது என்று கேட்டார். எரிமலை படம் வரைந்துகொண்டிருந்தவனைக் காட்டி, வீட்டில் படிக்கிறான் என்றேன். அதற்கு ஃபாரத்தில் கட்டம் இல்லை. இடையில் நின்றவன் என்று எழுதிவிட்டு, அவன் படத்தைப் பார்த்து எரிமலைக் குழம்புக்கு இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆசிரியை மாதிரி ஒருவர் வருடத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்பதே என் கட்சி. ஹோம்ஸ்கூலிங் செய்கிற பல பெற்றோருக்கு இது பிடிக்காது. அரசாங்கத்தை வாசலுக்கே விடக் கூடாது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வார்டு கல்வி அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்கட்டும். பிள்ளை பெயர், வயது, வீட்டில் யார் சொல்லிக்கொடுக்கிறார், எந்தப் பரீட்சைக்குத் தயாராகிறது, இவ்வளவு போதும். ஒருவர் வந்து நோட்டைப் பார்க்கட்டும், பிள்ளையோடு பத்து நிமிடம் பேசட்டும். ஏன் என்றால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஏழாவதோடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையும் வீட்டில்தான் இருக்கிறாள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் லோக்கலில் என்னோடு வந்த பெண்களில் அப்படி நின்றவர்கள் இருந்தார்கள், பேச்சுவாக்கில் சொல்வார்கள். நாளைக்கு ஒரு அப்பா, "எங்க பொண்ணு ஹோம்ஸ்கூலிங் பண்றா" என்று சொன்னால் யார் மறுப்பது? தோட்டமும் நாய்க்குட்டியும் போட்டுக் கட்டுரை எழுதினால் அந்த அப்பாவுக்கும் அதுவே சாட்சி. சீட்டு வேண்டும் என்று கேட்கிற நாங்கள் சோதனைக்கும் உட்படத்தான் வேண்டும்.

கட்டுரையில், பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழே இல்லாமல் 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் பிடித்த மும்பைப் பெண்ணைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. உண்மைதான், அது எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. ஆனால் அந்தப் பெண் சர்வதேச கணினி நிரலாக்க ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியவர், சென்னை கணிதக் கழகத்தில் பட்டப்படிப்பைத் தாண்டிய பாடங்களைப் படித்தவர், ஐ.ஐ.டி. அவரைச் சேர்க்க முடியாமல் போனதற்குக் காரணமே பன்னிரண்டாவது சான்றிதழ் இல்லாததுதான். இதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது. அவருடைய அம்மா தன் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாடத்திட்டம் போட்டு நடத்தியவர் என்பதும் விட்டுப்போயிருக்கிறது. அத்தையின் கேள்வி இங்கேயும் பொருந்துகிறது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுரை வந்தாலே பின்னாடியே விற்பனை வரும். ஹோம்ஸ்கூலிங் என்று ஒருமுறை போனில் தேடியதற்கு, வருடத்துக்கு இவ்வளவு கட்டினால் டேப்லெட்டோடு முழுப் பாடமும் தருகிறோம் என்று மாதக்கணக்கில் அழைப்பு வந்தது. ஒருவர் லட்சத்துக்கு மேல் கேட்டார், தவணையும் உண்டாம். எதுவும் வாங்கவில்லை. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகம் இணையத்தில் இலவசம், அச்சுப் புத்தகமும் மலிவுதான். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் பயிற்சி நோட்டுகள் பாதி விலை. உண்மையான செலவு நான் ஏற்கெனவே சொன்ன நின்றுபோன சம்பளம். சின்னவனின் பள்ளிக் கட்டணம் மிச்சமாவதை அதில் கழித்தாலும் துண்டு விழுகிறது. இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஐந்து டிக்கெட் என்பது இப்போது யோசித்துச் செய்கிற காரியம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் இதை ஏன் தொடர்கிறோம் என்றால், பையனுக்கு மூச்சு சீராக இருக்கிறது, படிப்பில் பின்தங்கவில்லை. வீசிங் வந்த வாரம் பாடம் நிற்கும், போனதும் நின்ற இடத்திலிருந்தே தொடங்கும். விட்டுப்போன பாடம் என்று ஒன்று இப்போது இல்லை. இது எங்கள் கணக்கு. இரண்டு பேரும் வேலைக்குப் போயே ஆக வேண்டிய வீட்டுக்கு இந்தக் கணக்கு சரிவராது. சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும் சரிவராது, பொறுமை இல்லாதது ஒரு குற்றமும் கிடையாது. எனக்கே வியாழக்கிழமைகளில் இருப்பதில்லை. மூத்தவளை நிறுத்தலாமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளுக்குப் பள்ளியில் ஸ்காலர்ஷிப் பரீட்சை, தோழிகள், மராத்தி டீச்சர் என்று எல்லாம் இருக்கிறது. அங்கே ஒரு குறையும் இல்லாதபோது எதற்கு?

உங்களிடம் ஒரு கோரிக்கை. இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடமில்லை என்றால் என்.ஐ.ஓ.எஸ்., 17 நம்பர் ஃபார்ம், கல்வி உரிமைச் சட்டம் பற்றிய பகுதியை மட்டுமாவது போடுங்கள். கட்டுரையில் அதற்குத்தான் இடமில்லாமல் போயிருந்தது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதுகிறவர் நேரில் பார்க்க விரும்பினால் எங்கள் வீட்டுக்குத் தாராளமாக வரலாம். பதினொரு மணிக்குமுன் வந்தால் ஹாலில் உட்கார வைத்துப் பேசுவேன். பிறகு வந்தால் படிக்கட்டுத்தான். வரும்போது கீழே வாட்ச்மேனிடம் எங்களுக்கு ஏதாவது பார்சல் இருந்தால் வாங்கி வரவும், நம்முடையது அனேகமாக இருக்காது, ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை